இறங்குமிடம்

கோடித் தட்டை ஏந்திக்கொண்டு செந்தில்குமார் பந்தலுக்குள் நுழைந்தபோது, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நீலாயதாட்சி நிமிர்ந்து பார்த்து, "அந்த ஆள உள்ள விடாதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனாலும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியிலேயே வாயை மூடினார்கள். வாசலில் பறை மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கையைக் காட்ட, அதுவும் நின்றது.

செந்தில்குமார் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், ஒரே அண்ணன். தட்டில் இருந்தது பிறந்த வீட்டுக் கோடி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும்; அதைக் கூடப்பிறந்தவன் தன் கையால் அவள் தோளில் போட வேண்டும். அது ஆகாமல் இந்தப் பக்கத்தில் பாடையைத் தூக்க மாட்டார்கள். வந்த கோடியை வேண்டாமென்று தள்ளினால் பிறந்த வீடு அன்றோடு அறுந்தது. பிறகு அவளே செத்தாலும் அங்கிருந்து ஒரு முழம் துணி வராது. இதெல்லாம் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நீலாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

செத்துக் கிடந்தவர் குஞ்சிதபாதம். காலையில் காபி குடித்து, ஷூ மாட்டிக்கொண்டு, தன் காலால் நடந்து போன மனிதர் வெயில் ஏறுவதற்குள் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். காரைக்கால் தருமபுரத்துக் கூடைப்பந்து கோர்ட்டில், இதே செந்தில்குமாரோடு ஒத்தைக்கு ஒத்தை ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், சாய்ந்தாராம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நாடியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஐம்பது தாண்டிய பிறகும் சேர்ந்து பந்து ஆடுகிறார்களே, எவ்வளவு ஒற்றுமை என்று வெளியூர்க்காரன் நினைப்பான். ஒற்றுமையாவது, மண்ணாங்கட்டியாவது. இருபத்தைந்து வருஷமாக ஒருத்தன் வீட்டில் ஒருத்தன் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே டீம் என்று வளர்ந்தவர்கள்தான். அந்தப் பழக்கத்தில்தான் நீலாவையும் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை ஒன்று வந்தது. வேலை ஒன்று, ஆள் இரண்டு. தேர்வுக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ஒத்தைக்கு ஒத்தை ஆடிப் பார்த்தார்கள். குதித்துப் பந்து போடுகிறவன் கண்ணெல்லாம் மேலே வளையத்தில் இருக்கும். தான் எங்கே இறங்குகிறோம் என்று பார்க்க மாட்டான். அவன் இறங்குகிற இடத்தில் எதிராளி தன் பாதத்தைக் கொண்டுபோய் வைத்தால் போதும், கதை முடிந்தது. செந்தில்குமார் குதித்தான். இறங்கியபோது கீழே குஞ்சிதபாதத்தின் பாதம் இருந்தது. முழங்காலில் ஜவ்வு கிழிந்து, கால் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கமாக விழுந்தான். வேலை குஞ்சிதபாதத்துக்குப் போயிற்று.

வேண்டுமென்றே வைத்தான் என்றான் செந்தில். தெரியாமல் பட்டது என்றார் குஞ்சிதபாதம். நீலா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டதற்கு, அவள் வயிற்றில் கையை வைத்து, "இந்தப் புள்ள மேல சத்தியமா தெரியாமத்தான் பட்டுச்சு" என்றார். பிறக்காத பிள்ளை மேல் எவன் பொய்ச் சத்தியம் பண்ணுவான்? அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, பிறந்த வீட்டு வாசலில் போய் நின்று, என் புருஷன் காலை வைக்கவில்லை, நொண்டியானதற்குப் பழி போட ஆள் தேடாதே என்று அண்ணனைக் கிழித்துவிட்டு வந்தாள். அன்றைக்கு மூடிய கதவுதான். வளைகாப்புக்குப் பிறந்த வீட்டு வளையல் வரவில்லை. பிள்ளை ஹரிஹரனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லாமல், நீலாவுக்குப் பங்காளி முறையில் அண்ணனான முருகானந்தத்தின் மடியில் உட்கார்த்திக் குத்தினார்கள். பெற்ற தாய் செத்தபோது அவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி மாலையைப் போட்டுவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் ஒரு பக்கத்து இடியை வேண்டுமென்றே வாங்கிக்கொண்டாள், மறுபக்கம் நியாயம் இருக்கிறது என்று.

ஆனால் அந்த இரண்டு ஆம்பிளைகளும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறினது கிடையாது. கால் ஊன்ற முடிந்த முதல் ஞாயிறே செந்தில்குமார் பந்தோடு கோர்ட்டில் போய் நின்றான். அன்றைக்கே குஞ்சிதபாதமும் போனார். பதினொரு பாயிண்ட் வரைக்கும் ஒரு ஆட்டம். பாயிண்ட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் என்று காரைக்காலே சிரித்தது. அவள் ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அந்தப் பந்தின் சத்தமே அவளுக்கு ஆகாது.

போன தை மாதம் பாண்டிச்சேரியில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆட்டத்தை இனி நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். அவரும் நிறுத்தினார். செந்தில்குமார் நிறுத்தவில்லை. தலத்தெருவில் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறான், கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. ஞாயிறு விடிந்தால் ஸ்கூட்டரில் இந்தத் தெரு வழியாகப் போவான். வீட்டெதிரே வந்ததும் இரண்டு தரம் ஹாரன் அடிப்பான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ஆறு மாதம் அப்படிப் போயிற்று. இன்று காலை அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. பின்னாலேயே கேட் திறக்கிற சத்தமும் கேட்டது.

அவன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக் கொன்றான். நீலாவுக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை.

குஞ்சிதபாதத்தின் அக்காள் தாமரைச்செல்வி எழுந்து வந்து, நல்லதுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், கெட்டதுக்குக் கேட்டு வர வேண்டும், வந்தவனை வாசலில் நிறுத்தக் கூடாது என்றாள். செந்தில் மேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டியாகிவிட்டது, மேற்கே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, பொழுது சாய்ந்த பிறகு கொள்ளி வைக்க முடியாது. அவள் கவலை அது.

"நல்லதுக்கெல்லாம் வராதவரு, கெட்டதுக்கு மட்டும் தட்ட தூக்கிகிட்டு வந்தா ஆச்சா அண்ணி?" என்றாள் நீலா. பிறகு பந்தக்காலில் சாய்ந்து நின்ற முருகானந்தத்தைப் பார்த்தாள். "என் புள்ளைக்கு மடி குடுத்தது நீங்க. கோடியும் நீங்களே வாங்கியாந்து போடுங்கண்ணே."

முருகானந்தம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்குப் போய் உட்காருகிறவர்தான். காலையில் குஞ்சிதபாதத்தைத் தூக்கி ஆம்புலன்ஸில் போட்டவரே இவர்தான். "அது முறையில்ல நீலா. கூடப்பொறந்தவன் உசுரோட நிக்கிறப்ப நான் போட்டா, அவனுக்கும் சேத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

"ஆவட்டும்."

செந்தில்குமார் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றான். வழுக்கைத் தலையில் வியர்வை, காலையில் போட்டிருந்த அதே பனியன் மேல் அவசரமாக மாட்டிய வெள்ளைச் சட்டை. முறைப்பாக இருந்தான். கெஞ்சுகிற முகம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

சென்னையிலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்த ஹரிஹரன், ஈரவேட்டியோடு மாமனுக்கு எதிரே போய் நின்றான். தட்டை வைத்துவிட்டு வெளியே போங்கள், அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றான். செந்தில் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் அவனைப் பார்த்ததில்லை.

"வச்சுட்டுப் போறதுக்கு நான் கூரியர்காரன் இல்ல தம்பி" என்றான். "உங்கம்மா கேக்க வேண்டியத கேக்கட்டும். சொல்லிட்டுப் போறேன்."

நீலா கேட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருந்தது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஹாரன் அடிச்ச?"

"தெரிஞ்சதுனாலதான் அடிச்சேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். தாமரைச்செல்வி மார்பில் கையை வைத்துக்கொண்டாள். ஹரிஹரன் ஓரடி முன்னால் போனான். முருகானந்தம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செந்தில்குமார் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் எதுக்கு வாராவாரம் போனேங்குற? ஆட்டத்துக்கா? நொண்டிக் கால வச்சுகிட்டு எனக்கு என்ன ஆட்டம்? அவன் ஒரு தரம் குதிக்கணும், அவன் எறங்குற எடத்துல நான் கால வைக்கணும். அதுக்குத்தான் போனேன். அவன் நெஞ்சுல கோளாறுன்னு கேட்டதும் பயந்துட்டேன். படுத்துப் போய்ச் சேந்துட்டான்னா நான் யார்கிட்ட வாங்குறது?"

செத்தவரை அவன் இவன் என்கிறானே என்று யாராவது தடுத்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

"இருபத்தஞ்சு வருசத்துல ஒரு தரம் அவன் எம் முன்னால குதிச்சது இல்ல" என்றான். "கால தரையில ஊணிகிட்டேதான் பந்து போடுவான். பக்கத்துல போனா ரெண்டடி பின்னால போய் நின்னு போடுவான். தோத்தாலும் தோப்பான், குதிக்க மாட்டான்."

நீலாவுக்கு முதலில் இது விளங்கவில்லை. ஆட்டம் தெரியாதவள். முருகானந்தத்தைப் பார்த்தாள். "அவரு எப்பவுமே அப்படித்தான் ஆடுவாரா?"

முருகானந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மத்தவங்களோட ஆடுறப்ப குதிப்பாரும்மா" என்றார் கடைசியில். "நல்லாவே குதிப்பாரு. செந்திலோட ஆடுறப்ப மட்டும் குதிக்க மாட்டாரு. கோர்ட்டுல எல்லாருக்கும் தெரியும். கிண்டல்கூடப் பண்ணுவோம்."

எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. வளைகாப்பில் கை மொட்டையாக உட்கார்ந்தவளுக்கு, பெற்றவள் சாவில் ஓரமாக நின்றவளுக்குத் தெரியாது. தெரியாமல் பட்ட கால் என்றால் இந்த மனிதர் எதற்காக இருபத்தைந்து வருஷம் தரையை விட்டு எழும்பாமல் ஆடினார்? தான் செய்தது தனக்குத் திரும்பி வரும் என்று பயந்தவன்தான் அப்படி ஆடுவான். நீலா மெல்லத் தலையைத் திருப்பி ஹரிஹரனைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை மேல்தான் அந்தச் சத்தியம். அவன் காய்ச்சலில் கிடந்த ராத்திரிகள், பைக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்து கிடந்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இன்னிக்கு?" என்றாள்.

செந்தில்குமார் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டான். பிறகு நடந்ததை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆறு மாதம் ஆடாத உடம்பு, மூச்சு வாங்கியது, இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார். பத்துக்குப் பத்து என்று வந்தது. கடைசிப் பந்து அவர் கையில். வழக்கமாகப் பின்னால் போய் நிற்கிறவர் போகவில்லை. நேராக செந்திலுக்கு முன்னால் வந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே குதித்தார்.

"எனக்காகத்தான் குதிச்சான்" என்றான் செந்தில். "வச்சுக்கடான்னு குதிச்சான். எனக்குத் தெரியாதா? எவ்வளவு நேரம் மேல இருந்தாங்குற... நான் கால எடுத்தேன், வைக்கத்தான் எடுத்தேன். போவல. பின்னால இழுத்துகிட்டேன்."

"அப்பறம்?"

"ரெண்டு காலையும் ஊணி ஒழுங்கா எறங்குனான். எறங்கி என்னைப் பாத்து, 'ஏன்டா?'ன்னான். அவ்வளவுதான். உக்காந்துட்டான்."

"பந்து உள்ள போச்சா மாமா?" என்றான் ஹரிஹரன். கேட்ட பிறகு, ஏன் கேட்டோம் என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"நான் பாக்கல" என்றான் செந்தில்குமார்.

தாமரைச்செல்விக்குப் பொறுக்கவில்லை. பேச முடியாமல் கிடக்கிறவன் மேல் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, கொன்றதும் இல்லாமல் குற்றவாளியும் ஆக்குகிறாயா என்று கத்தினாள். இவ்வளவு நாளும் இந்தச் சண்டையில் இதே வார்த்தைகளைச் சொல்லிவந்தவள் நீலாதான். இப்போது நாத்தனார் வாயிலிருந்து கேட்கும்போது, அதெல்லாம் எப்படிச் சத்தில்லாத பேச்சாக இருக்கிறது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"சத்தம் போடாதீங்க அண்ணி" என்றாள்.

காலையிலிருந்து அழுது அழுது கண் வீங்கியிருந்தது. இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதென்று எந்த நாட்டில் சட்டம்? எழுப்பி உட்காரவைத்துச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. நெஞ்சில் வலி வந்த பிறகாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே, குதித்துக் காட்ட வேண்டியது அவனிடம் என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியது என்னிடம் இல்லையா என்று இருந்தது. இந்தப் பக்கம் நிற்கிறவனும் யோக்கியன் இல்லை. நெஞ்சுவலிக்காரனின் காலை ஒடிக்க ஹாரன் அடித்துக் கூப்பிட்டவன். ஒருவன் காலை வைத்தான், இன்னொருவன் வைப்பதற்காகவே காத்துக் கிடந்தான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவள் பிறந்த வீட்டைத் தொலைத்தாள். பாவிகளா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் இரண்டு பேரும் அடக்கம்.

வாசலில் பாடைக்கு ஓலை முடைந்து முடித்து, வெட்டியான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அரசலாற்றங்கரைக்குப் போய்ச் சேரவே நேரமாகும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் நீலாவிடம் நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொண்டா" என்றாள்.

செந்தில்குமார் நடந்து வந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் வலது தோள் இறங்கி ஏறியது. கோடி போடுகிறவன் தங்கை பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான் போட வேண்டும். அவன் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை. மற்றக் காலில் பாரத்தைப் போட்டு இன்னொரு தரம் முயன்றான். தட்டு சரிந்து, குங்குமம் கொஞ்சம் தரையில் கொட்டியது. முருகானந்தம் கைகொடுக்க வந்தார். வேண்டாம் என்று முழங்கையால் தள்ளினான். வீராப்புக்குக் குறைச்சல் இல்லை. உட்காரவும் முடியாமல், நிமிரவும் மனசில்லாமல், பாதிக் குனிந்தபடியே நின்றான்.

நீலா அந்தக் காலைப் பார்த்தாள். அது இப்படி என்று அவளுக்குக் காதால்தான் தெரியும். நொண்டி என்று வாயால் சொல்லியிருக்கிறாள். அது உட்கார முயல்வதைப் பார்த்ததில்லை.

தரையில் கையை ஊன்றி அவள் எழுந்தாள். அப்படி எழுந்திருப்பது வழக்கமில்லை, யாரோ "உக்காரும்மா" என்றார்கள். அவள் உட்காரவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவனுக்கு முதுகைக் காட்டி, புருஷனைப் பார்த்தபடி நின்றாள். எதிரே பெஞ்சில் குஞ்சிதபாதத்தின் இரண்டு பாதங்களும், கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டு, மேல் நோக்கி இருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து புடவை வந்து தோளில் விழுந்தது. கஞ்சி வாடை அடித்தது. கடையில் மடிப்புக்குக் குத்திய குண்டூசியை எடுக்காமலே கொண்டுவந்திருந்தான்; அது கழுத்தோரம் சுருக்கென்று ஏறியது. வெளியே சங்கு ஊதினார்கள். பெண்கள் ஓவென்று குரல் எடுத்தார்கள். நீலா ஊசியைத் தடவிப் பிடுங்கி, கீழே போட்டால் யார் காலிலாவது குத்தும் என்று, தன் ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டாள்.